இன்ஸ்டால் செய்யும் முன் எல்லாவற்றையும் மூட வேண்டுமா?

என் சித்தப்பாவுக்குக் கணினியில் புதிதாக எதைப் போடுவதென்றாலும் ஒரு சடங்கு உண்டு. பிரவுசரை மூடுவார். எக்ஸெலை மூடுவார். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாட்டை நிறுத்துவார். ஆன்டிவைரஸையும் அணைத்துவிடுவார். ஒருமுறை பிரின்டர் ஒயரைக்கூட உருவி வைத்துவிட்டுத்தான் 'நெக்ஸ்ட்' பட்டனைத் தொட்டார். ஏன் என்று கேட்டால், "லோடு குறையணும்ல" என்பார். அவர் பையன் நேர் எதிர். பிரவுசரில் இருபது டேப், பின்னால் ஒரு கேம், நடுவில் இன்ஸ்டால். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். "அதெல்லாம் உங்க காலத்துல" என்று சிரிப்பான்.

யார் சொல்வது சரி என்று என்னிடம் பஞ்சாயத்து வந்தது. ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொன்னேன். சித்தப்பா மூடுவதில் பெரும்பாலானவற்றை மூடத் தேவையே இல்லை. பையன் மூடாமல் விடுவதில் ஒன்றிரண்டை மூடியே ஆக வேண்டும். எது எந்த வகை என்று தெரிய, இன்ஸ்டால் நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பெரிய கணினி அறிவெல்லாம் வேண்டாம், சமையலறை தெரிந்தால் போதும்.

## எச்சரிக்கையிலேயே காரணம் இருக்கிறது

இன்ஸ்டாலர் என்பது ஒரு சின்ன புரோகிராம். புதிய மென்பொருளின் ஃபைல்களைப் பிரித்து எடுத்து, கணினியில் உரிய இடங்களில் வைத்து, இன்னது இங்கே இருக்கிறது என்று விண்டோஸின் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவது அதன் வேலை. இப்படிப்பட்ட இன்ஸ்டாலர்களைத் தயாரிப்பதற்கென்றே கருவிகள் உண்டு. அவற்றில் என்.எஸ்.ஐ.எஸ். என்ற இலவசக் கருவியால் செய்த பல செட்டப்களின் முதல் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வரும். அதன் பொருள் இது: மற்ற அப்ளிகேஷன்களை மூடிவிட்டுத் தொடங்குவது நல்லது, அப்படிச் செய்தால் கணினியை ரீபூட் செய்யாமலே தேவையான சிஸ்டம் ஃபைல்களைப் புதுப்பிக்க முடியும்.

வருடக்கணக்காக அந்தத் திரையைப் பார்த்திருக்கிறோம். படித்தவர் குறைவு. அதில் வேகம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. லோடு, சூடு, வைரஸ் எதுவும் கிடையாது. ஃபைல்களைப் புதுப்பிக்க முடிவது, முடியாமல் ரீபூட் கேட்பது, இவ்வளவுதான் விஷயம். ஒரு புரோகிராம் திறந்திருந்தால் ஃபைலை ஏன் புதுப்பிக்க முடியாது?

## சமையல்காரரும் குறிப்பு நோட்டும்

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஒரு சமையல் குறிப்பு நோட்டு. அடுப்படியில் சமையல்காரர். ஹார்டு டிஸ்கில் இருக்கும் புரோகிராம் ஃபைல் அந்த நோட்டு மாதிரி. நீங்கள் ஐகானை க்ளிக் செய்து புரோகிராம் ஓடத் தொடங்குவது, சமையல்காரர் அடுப்பைப் பற்றவைப்பது மாதிரி.

பலர் நினைப்பது என்னவென்றால், புரோகிராமைத் திறந்தவுடன் முழு ஃபைலும் ராமுக்குள், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்துக்குள், போய்விடும். அதன் பிறகு டிஸ்கில் இருக்கும் ஃபைலுக்கு வேலை இல்லை என்று. அப்படி நடப்பதில்லை. இந்தச் சமையல்காரர் நோட்டை மனப்பாடம் செய்கிறவர் இல்லை. தாளிக்கும் நேரம் வந்தால் தாளிக்கும் பக்கத்தைப் போய்ப் பார்ப்பார். பாயசம் வைக்கும்போது பாயசப் பக்கம். கணினியும் ஒரு பெரிய புரோகிராமில் அப்போதைக்குத் தேவையான பகுதியை மட்டும் டிஸ்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேர்டில் நீங்கள் ஒரு முறைகூடத் தொடாத மெனுவுக்கான பகுதி, நாள் முழுக்க ராமுக்குள் வராமலே இருக்கலாம்.

இப்போது சாம்பார் பாதி கொதிக்கும்போது ஒருவர் வந்து, நோட்டின் பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டுப் புதிய பதிப்பின் பக்கங்களைச் செருகுகிறார். புதிய பதிப்பில் பக்க எண்கள் மாறியிருக்கின்றன. சமையல்காரர் வழக்கம்போல் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டுகிறார். அங்கே அல்வா இருக்கிறது. சாம்பாரில் சர்க்கரை விழுகிறது. கணினியில் இதற்குப் பெயர் 'கிராஷ்'.

இந்தக் கூத்து நடக்கக்கூடாது என்றுதான் விண்டோஸ் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதன் ஃபைலை அழிக்க முடியாது, அதன் மேல் வேறொன்றை எழுதவும் முடியாது. இதைத்தான் ஃபைல் பூட்டு என்கிறோம். 'இந்த ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது' என்று எரிச்சலூட்டும் செய்தி வருமே, அது இந்தப் பூட்டின் வேலை.

ஆக, இன்ஸ்டாலருக்குப் பயம் உங்கள் ராம் நிறைந்துவிடுமோ என்று இல்லை. தான் மாற்ற வந்த ஃபைலை வேறு யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்களோ என்றுதான்.

## சரி, 'எல்லாவற்றையும்' என்று ஏன் சொன்னார்கள்?

நான் மாற்றப்போவது ஒரு மென்பொருள் என்றால் அதை மட்டும் மூடச் சொன்னால் போதுமே. பாட்டு கேட்பதை ஏன் நிறுத்த வேண்டும்?

இங்கேதான் டி.எல்.எல். வருகிறது. டி.எல்.எல். என்பது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் துணை ஃபைல். ஒரே மண்டபத்தில் பத்துச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் மசாலா அரைக்கத் தெரிய வேண்டும். பத்து நோட்டிலும் அதையே எழுதுவதற்குப் பதில், 'மசாலா' என்று ஒரே ஒரு பொது நோட்டு வைத்துவிட்டால் இடம் மிச்சம். ஃபைலைத் திறக்கும் பெட்டி, எழுத்துருப் பட்டியல், பிரின்ட் எடுப்பது போன்ற பொது வேலைகளுக்கு இப்படிப் பொது நோட்டுகள்.

1990களில் மென்பொருள் போடுகிறவர்கள் எல்லோரும் விண்டோஸின் பொது ஃபோல்டரிலேயே இந்த டி.எல்.எல்.களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு இன்ஸ்டாலர் தன்னிடம் இருக்கும் மசாலா நோட்டை, ஏற்கனவே இருந்ததன் மேல் வைத்துவிட்டுப் போகும். அது பழைய பதிப்பாகக்கூட இருக்கும். புது கேம் போட்ட மறுநாள் கணக்கு மென்பொருள் திறக்காது. இந்தத் தொல்லைக்கு நிரலாளர்கள் வைத்த பெயர் டி.எல்.எல். நரகம். பெயரில் மிகை எதுவும் இல்லை.

அந்த நிலையில் இன்ஸ்டாலர் எழுதுகிறவருக்கு ஒரு விஷயம் தெரியாது: உங்கள் கணினியில் இந்த நிமிடம் எந்தெந்தப் புரோகிராம் எந்தப் பொது நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறது என்று. தெரியாதபோது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போங்கள் என்பது.

சித்தப்பாவின் லோடு கணக்குக்கும் அந்தக் காலத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. விண்டோஸ் 95 ஓட 4 எம்.பி. ராம் போதும் என்று குறைந்தபட்சத் தேவையாகப் போட்டிருந்தார்கள். அந்த 4 எம்.பி.யில் வேர்டும் திறந்து செட்டப்பும் ஓட்டினால் டிஸ்க் கரகரவென்று அரைக்கும், மெளஸ் நகராது. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. வேண்டும், அதாவது அதைப் போல ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. இன்று ஒரு செட்டப் எடுத்துக்கொள்ளும் ராம், பிரவுசரின் சில டேப்களுக்கு ஈடு. அதற்காகக் கடையைக் கட்ட வேண்டியதில்லை.

டி.எல்.எல். நரகமும் ஆறிவிட்டது. விண்டோஸ் 2000இலிருந்து முக்கியமான சிஸ்டம் ஃபைல்களை இன்ஸ்டாலர்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி பாதுகாப்பு வந்தது. 2001இல் வந்த எக்ஸ்.பி., ஒரே டி.எல்.எல்.லின் வெவ்வேறு பதிப்புகள் அக்கம்பக்கமாக இருக்க வழி செய்தது. இப்போது பெரும்பாலான மென்பொருள்கள் தங்களுக்கு வேண்டிய டி.எல்.எல்.களைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. டிஸ்க் இடம் மலிவாகிவிட்டது, அவரவருக்கு அவரவர் மசாலா நோட்டு. காரணம் பெரும்பாலும் போய்விட்டது. வாசகம் மட்டும் செட்டப் திரைகளில் தங்கிவிட்டது.

## பூட்டு விழுந்த ஃபைலை இன்ஸ்டாலர் என்ன செய்யும்?

பெரும்பாலும் என்றேன், முழுவதும் என்று சொல்லவில்லை. நீங்கள் புதுப்பிக்க வந்த மென்பொருளே திறந்திருந்தால் பூட்டு விழத்தான் செய்யும். அப்போது இன்ஸ்டாலருக்கு மூன்று வழி.

முதலாவது, உங்களையே கேட்பது. 'இந்த அப்ளிகேஷன்கள் ஃபைல்களைப் பிடித்திருக்கின்றன, மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்' என்று ஒரு பெட்டி வரும். அதில் பெயர் இருப்பவற்றை மூடினால் போதும்.

இரண்டாவது, தானே மூடுவது. விண்டோஸ் விஸ்டாவில் ரீஸ்டார்ட் மேனேஜர் என்று ஒரு வசதி வந்தது. எந்த ஃபைலை எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் மரியாதையாக மூடச் சொல்லி, வேலை முடிந்ததும் மறுபடி திறந்துவிடும். 'எல்லோரும் வெளியே போங்கள்' என்ற பழைய உத்தரவுக்கு இதுதான் சரியான மாற்று. ஆனால் எல்லா இன்ஸ்டாலர்களும் இதைப் பயன்படுத்துவதில்லை. மறுபடி திறக்க அந்தப் புரோகிராமும் ஒத்துழைக்க வேண்டும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. இன்ஸ்டாலர் புதிய ஃபைலை வேறு பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டு, 'அடுத்த முறை கணினி புதிதாகத் தொடங்கும்போது, பழையதை எடுத்துவிட்டு இதை அங்கே வை' என்று விண்டோஸுக்கு ஒரு சீட்டு எழுதி வைக்கும். கணினி தொடங்கும்போது, எந்தச் சமையல்காரரும் உள்ளே வருவதற்கு முன்பே விண்டோஸ் அந்தச் சீட்டைப் படித்து மாற்றிவிடும். இன்ஸ்டால் முடிந்ததும் 'ரீஸ்டார்ட் செய்யவும்' என்று கேட்பது இந்தச் சீட்டுக்காகத்தான்.

அந்த ரீஸ்டார்ட்டை நான் ஒருமுறை ஏமாற்றப் பார்த்தேன். தெரிந்தவர் கடையில் பில் போடும் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வேறு. பழைய பதிப்பு கீழே மினிமைஸ் ஆகிக் கிடந்தது. 'மூட வேண்டாம், பிறகு ரீபூட் தேவைப்படும்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். முடிவில் 'பிறகு ரீஸ்டார்ட் செய்கிறேன்' என்பதையும் தட்டிவிட்டேன். விளைவு, ஓடிக்கொண்டிருந்த முதன்மை ஃபைல் பழையது, அப்போது யாரும் பிடித்திருக்காத டி.எல்.எல்.கள் மட்டும் புதியவை. மறுபடி திறந்தால், இன்ன டி.எல்.எல்.லில் இன்ன நுழைவுப் புள்ளியைக் காணோம் என்று ஒரு செய்தி. பழைய சமையல்காரர் புதிய மசாலா நோட்டில் இல்லாத பக்கத்தைத் தேடுகிறார் என்று அர்த்தம்.

ராத்திரி கணினியை ஷட் டவுன் செய்துவிட்டு, காலையில் சரியாகிவிடும் என்று தூங்கப் போனேன். காலையிலும் அதே செய்தி. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியை முழுவதுமாக நிறுத்தாமல், அதன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். வேகமாக ஆன் ஆகிறது, நல்லதுதான். ஆனால் புதிதாகத் தொடங்கவில்லை என்பதால் சீட்டை யாரும் படிப்பதில்லை. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையிலேயே முழுதாக நின்று தொடங்கும். கொடுத்தேன், இரண்டு நிமிடத்தில் பில் ஓடியது.

இதுவரை பார்த்தது: ஓடும் புரோகிராமின் ஃபைலுக்குப் பூட்டு உண்டு. இன்ஸ்டாலர் அந்த ஃபைலைத் தொட வேண்டியிருந்தால் ஒன்று மூட வேண்டும், அல்லது ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் வேறு, ஷட் டவுன் வேறு.

## லினக்ஸ்காரர்கள் ஏன் மூடுவதில்லை?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தும் நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எல்லாம் திறந்திருக்கும்போதே நூறு மென்பொருள்களை ஒரே கட்டளையில் புதுப்பிப்பார். அங்கே ஃபைலின் பெயரும் ஃபைலின் உள்ளடக்கமும் தனித்தனி. டப்பாவும் அதன் மேல் ஒட்டிய லேபிளும் மாதிரி. புதுப்பிக்கும்போது, 'மிளகாய்த்தூள்' என்ற லேபிளைப் பழைய டப்பாவிலிருந்து உரித்துப் புதிய டப்பாவில் ஒட்டிவிடுவார்கள். பழைய டப்பாவைக் கையில் வைத்திருப்பவர் அதிலிருந்தே தொடர்ந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் கீழே வைத்த பிறகுதான் அது குப்பைக்குப் போகும். புதிதாக வருகிறவர் லேபிளைப் பார்த்துப் புதிய டப்பாவை எடுப்பார்.

அழகான ஏற்பாடு, ஆனால் ஒரு ஓட்டை உண்டு. பாதுகாப்புக் கோளாறைச் சரிசெய்யும் அப்டேட்டைப் போட்டாலும், பழைய டப்பாவைப் பிடித்திருக்கும் புரோகிராம் கோளாறோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் சில பதிப்புகளில், சர்வரில் அப்டேட் முடிந்ததும் எந்தெந்தச் சேவைகளை ரீஸ்டார்ட் செய்வது என்று ஒரு பட்டியல் வந்து நிற்கிறது.

விண்டோஸில் குரோம் பிரவுசர் இதே யோசனையை வேறு விதமாகச் செய்கிறது. பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு புதிய ஃபோல்டரைப் பழையதன் பக்கத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். நீங்கள் பிரவுசரை மூடித் திறக்கும்போது புதியதற்கு மாறும். மூலையில் அப்டேட் பட்டன் நிறம் மாறி நாள்கணக்காக நிற்கிறதென்றால், வீட்டுக்குள் வந்த புதுப் பூட்டை இன்னும் கதவில் மாட்டவில்லை என்று பொருள்.

போனில் இந்தக் கவலையே இல்லை. ஒவ்வொரு ஆப்பும் தன் கூண்டுக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பைப் புதுப்பிக்கும்போது, அது ஓடிக்கொண்டிருந்தால் சிஸ்டமே அதை மட்டும் நிறுத்திவிடும்.

## அப்படியானால் எதை மூடுவது?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நான் போடப்போவது யாருடைய ஃபைலைத் தொடும்?

முற்றிலும் புதிய, மற்றவற்றோடு சம்பந்தமில்லாத மென்பொருள் என்றால் யாருடையதையும் தொடாது. வீடியோ பிளேயர் போட எக்ஸெலை மூட வேண்டாம். ஏற்கனவே இருப்பதன் புதிய பதிப்பு என்றால் அதை மட்டும் மூடுங்கள். வேர்டுக்குள்ளோ அவுட்லுக்குக்குள்ளோ போய் உட்காரும் ஆட்-இன், அதாவது பெரிய புரோகிராமுக்குள் சேரும் கூடுதல் வசதி, என்றால் அந்தப் பெரிய புரோகிராமை மூட வேண்டும். தமிழ் எழுத்துருக்களும் கிட்டத்தட்ட இந்த வகைதான். புதிய எழுத்துருவைப் போட்டபின், திறந்திருந்த வேர்டில் அது தெரியவில்லை என்று பலர் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்வார்கள். வேர்டை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.

டிரைவர்களும், அதாவது பிரின்டர், திரை போன்றவற்றை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்களும், விண்டோஸ் அப்டேட்டும் அடிமட்டத்து ஃபைல்களைத் தொடுகிறவை. திரை ஒரு கணம் கறுக்கும், ரீஸ்டார்ட் கேட்கும். இங்கே சித்தப்பா வழியே சரி, எல்லாவற்றையும் சேமித்து மூடிவிடலாம். மதர்போர்டில் இருந்துகொண்டு கணினியை முதலில் எழுப்பும் மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பதென்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். எல்லாவற்றையும் மூடி, லேப்டாப்பானால் சார்ஜரைச் செருகி, மேசைக் கணினியானால் யு.பி.எஸ். இருக்கிறதா என்று பார்த்து, முடியும் வரை எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் கரன்ட் போனால் கணினி எழுந்திருக்காமலே போகலாம்.

எந்த வகையானாலும் சேமிக்காத வேலை இருந்தால் முதலில் சேமியுங்கள். ஃபைல் பூட்டால் இழந்தவர்களைவிட, கேட்காமல் ரீஸ்டார்ட் ஆன கணினியால் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆன்டிவைரஸ்? அணைக்காதீர்கள். ஒவ்வொரு புதிய ஃபைலையும் அது திறந்து பார்ப்பதால் இன்ஸ்டால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சோதனை செய்தே ஆக வேண்டிய நேரம் ஒன்று உண்டென்றால், முன்பின் தெரியாத ஒரு செட்டப் ஃபைல் உள்ளே நுழையும் நேரம்தானே அது? 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்' என்று சொல்லும் செட்டப், பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு மென்பொருளோடு வருவது. அதை அழித்துவிடுவது உத்தமம்.

## மூடினால் மூடிவிட்டதா?

கடைசியாக ஒன்று. பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் மறையும், புரோகிராம் நிற்கும் என்று சொல்ல முடியாது. அரட்டை மென்பொருள்கள், கிளவுட் சேமிப்பு மென்பொருள்கள் எல்லாம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் குட்டி ஐகானாக ஒளிந்துகொள்ளும். அந்த ஐகானை வலது க்ளிக் செய்து 'எக்ஸிட்' அல்லது 'க்விட்' கொடுக்க வேண்டும். அங்கும் இல்லாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் தேடி, 'எண்ட் டாஸ்க்' கொடுக்கலாம். சேமிக்காத வேலை இருந்தால் அது போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். எந்தப் புரோகிராம் ஃபைலைப் பிடித்திருக்கிறது என்றே தெரியவில்லையா? மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் ஃபைல் லாக்ஸ்மித் என்று ஒன்று இருக்கிறது. ஃபைலை வலது க்ளிக் செய்து அதைத் தேர்ந்தெடுத்தால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பாட்டை நிறுத்த வேண்டாம் என்றதில் அவருக்கு ஏகச் சந்தோஷம். "அப்ப பிரின்டர் ஒயர்?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். யு.எஸ்.பி. பிரின்டர்களோடு வரும் பல கையேடுகளில், சொல்லும் வரை ஒயரைச் செருகாதீர்கள் என்றே போட்டிருக்கும். முன்னாலேயே செருகினால் விண்டோஸ் தானாக ஏதோ ஒரு டிரைவரைப் பிடித்துப் போட்டுவிடும். "பார்த்தியா" என்று பையன் பக்கம் திரும்பினார்.

ஆனால் அன்றைக்கு அவர் போட்டது ஜாதகம் கணிக்கும் மென்பொருள்.